கதையை ஒப்பிக்கும் பாப்பாவுக்கு ஆடியோவை நிறுத்தலாமா?

காரிமங்கலம் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு தாய் கேட்ட கேள்விக்கான பதில் இது. அவர் சொன்னதைச் சுருக்கித் தருகிறேன். வீட்டில் தெலுங்கு, தெருவிலும் பள்ளியிலும் தமிழ். கணவருக்குப் பெங்களூரில் கட்டட வேலை. மகள் அரசுப் பள்ளியில் இரண்டாம் வகுப்பு. தர்மபுரி புத்தகத் திருவிழாவில் ஒரு சிறுவர் எழுத்தாளரின் கதைப் புத்தகங்களைக் கட்டாக வாங்கி வந்திருக்கிறார். ஒவ்வொன்றின் பின்னட்டையிலும் ஒரு க்யூஆர் கோடு. அதை ஸ்கேன் செய்தால் எழுத்தாளரே தன் குரலில் கதையை வாசிக்கிறார். பாப்பா அதைக் கேட்டுக் கேட்டு, புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, ஒரு சொல் பிசகாமல் முழுக் கதையையும் சொல்லிவிடுகிறாள். ஆனால் நடுவில் ஒரு சொல்லைத் தொட்டு "இது என்ன?" என்றால் முழிக்கிறாள். "இது வாசிப்பா, ஒப்பிப்பதா? ஆடியோவை நிறுத்திவிடட்டுமா? அடுத்து எப்படிப்பட்ட புத்தகம் வாங்குவது? நானே வாசித்துப் பதிவு செய்தால் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்கும் அனுப்பலாமா?" என்று கேட்கிறார்.

நிறுத்தாதீர்கள். ஆடியோவைப் பயன்படுத்தும் விதத்தை மட்டும் மாற்றுங்கள். நான் தொடக்கப் பள்ளி ஆசிரியர். தேன்கனிக்கோட்டைப் பக்கமும் பாலக்கோட்டுப் பக்கமும் வேலை பார்த்தவன். தெலுங்கும் கன்னடமும் உருதுவும் பேசும் வீடுகளிலிருந்து வந்து தமிழில் எழுத்துக் கற்கும் பிள்ளைகளோடுதான் என் வேலை. அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: உங்கள் மகள் இப்போது நிற்கும் படி நல்ல படி.

புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு மனப்பாடமாகச் சொல்லும் குழந்தை யாரையும் ஏமாற்றவில்லை. புத்தகத்தில் இருக்கும் சொற்கள் மாறாது, ஒவ்வொரு முறை திறந்தாலும் அதே வரிசையில் அதே கதைதான் வரும் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. எந்தப் பக்கத்தில் எது வரும் என்று தெரியும். பேச்சில் வராத 'வந்தது', 'சென்றது', 'கூறியது' எல்லாம் காதுக்குப் பழகிவிட்டன. வராதது ஒன்றுதான்: வாயில் வரும் ஒலிக்கும் கண் முன்னால் இருக்கும் எழுத்துக்கும் முடிச்சு விழவில்லை. அந்த முடிச்சைப் போடுவதற்கு, ஏற்கெனவே மனப்பாடமாக இருக்கும் கதையைவிட நல்ல பொருள் கிடையாது.

இதை விளங்கிக்கொள்ள ஒரு சின்னக் கணக்கு உதவும். 1986-இல் கஃப், டன்மர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் வாசிப்பைப் பற்றி எளிமையான ஒரு விளக்கம் தந்தார்கள். எழுத்தைக் கூட்டி ஒலியாக்கும் திறன் ஒன்று. காதால் கேட்டதைப் புரிந்துகொள்ளும் திறன் இன்னொன்று. வாசித்துப் புரிந்துகொள்வது என்பது இவ்விரண்டின் பெருக்கல். கூட்டல் இல்லை என்பதைக் கவனியுங்கள். பெருக்கலில் ஒரு பக்கம் பூஜ்யம் என்றால் விடையும் பூஜ்யம். எங்கள் வகுப்புகளில் இரண்டு வகைப் பிள்ளைகளையும் பார்க்கிறோம். ஒருத்தன் கடகடவென்று பத்தியை வாசித்து முடிப்பான். என்ன கதை என்று கேட்டால் வாய் திறக்க மாட்டான், ஏனென்றால் அந்தத் தமிழ் அவன் காதில் விழுந்த தமிழே இல்லை. இன்னொருத்தி கதையைக் கண் விரியக் கேட்பாள், திரும்ப அழகாகச் சொல்வாள், புத்தகத்தைக் கொடுத்தால் எழுத்து நகராது. உங்கள் மகள் இரண்டாவது வகை. வேறு மொழி பேசும் வீட்டிலிருந்து வரும் பிள்ளைக்கு எழுத்துத் தமிழ் காதில் ஏறுவதுதான் அதிக நாள் பிடிக்கும் வேலை. அதில் பெரும்பங்கை அந்த ஆடியோ செய்து கொடுத்துவிட்டது.

கேட்டுக்கொண்டே வாசிக்க வைப்பது புதிய யோசனையும் அல்ல. 1976-இல் கேரல் சாம்ஸ்கி என்ற கல்வியாளர், எழுத்துத் தெரிந்தும் வாசிப்பு ஓடாமல் திணறிய மூன்றாம் வகுப்புக் குழந்தைகள் சிலருக்குக் கதைப் புத்தகத்தையும் அதன் டேப்பையும் கொடுத்தார். கேட்டபடியே வரிகளில் கண்ணை ஓட்டி, தாமாகச் சரளமாக வாசிக்க வரும்வரை ஒரே கதையைத் திரும்பத் திரும்பக் கேட்கச் சொன்னார். மனப்பாடம் ஆகிவிடுமே என்று அவர் அஞ்சவில்லை. மனப்பாடம் ஆன கதையை வைத்தே சொற்களைப் பிரித்துப் பார்க்கும் வேலைகளைக் கொடுத்தார். குழந்தைகள் நகர்ந்தார்கள். டேப் போய் செல்போன் வந்துவிட்டதே தவிர, முறை அதேதான்.

இனி நடைமுறைக்கு வருவோம். பாப்பாவுக்கு மிகவும் பிடித்த ஒரே ஒரு கதையை எடுங்கள். ஆடியோவை ஓட விடுங்கள், போனைக் கவிழ்த்து வையுங்கள், கண் புத்தகத்தில் மட்டும் இருக்கட்டும். அவள் ஆட்காட்டி விரல் சொல்லுக்குச் சொல் நகர வேண்டும். ஆரம்பத்தில் விரல் ஒன்று முந்தும் அல்லது பிந்தும். பக்கத்தின் கடைசிச் சொல் காதில் முடியும்போது விரல் இரண்டாவது வரியிலேயே நிற்கும். திட்ட வேண்டாம், அவள் விரலைப் பிடித்து இழுக்கவும் வேண்டாம். அதே பக்கத்தை மறுபடி ஓட விடுங்கள். விரலும் குரலும் ஒரே இடத்தில் முடியும் நாள் வரும். அந்த நாளில் அவள் முகத்தைப் பார்த்தாலே உங்களுக்குத் தெரிந்துவிடும்.

அப்புறம், ஆடியோவை நடுவில் நிறுத்துங்கள். வாக்கியத்தின் கடைசிச் சொல்லுக்கு முன்னால் நிறுத்தினால் மிச்சத்தை அவள் சொல்வாள். அது நினைவிலிருந்து வருகிறது, பரவாயில்லை. சொல்லும்போது விரல் அந்தச் சொல்லின் மேல் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். பிறகு "இந்தப் பக்கத்தில் யானை எத்தனை இடத்தில் வருகிறது, காட்டு" என்று தேடச் சொல்லுங்கள். படத்திலுள்ள யானையை அல்ல, எழுத்திலுள்ள யானையை.

மனப்பாடத்தை உடைக்கும் வேலை இதற்கு அடுத்தது. கதையிலிருந்து இரண்டு வாக்கியங்களைப் பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தில் பெரிதாக எழுதுங்கள். உதாரணமாக: "யானை கொல்லைக்குள் வந்தது. பரண் மேல் தாத்தா தூங்கினார்." சொல் சொல்லாகக் கத்தரித்து ஏழு சீட்டுகளாக்குங்கள். முதலில் புத்தகத்தைப் பார்த்து அவளே அடுக்கட்டும். பிறகு பார்க்காமல் அடுக்கட்டும். அதற்கப்புறம் அவள் அந்தப் பக்கம் திரும்பியிருக்கும்போது நீங்கள் சீட்டை மாற்றி, "பரண் மேல் யானை வந்தது" என்று வைத்துவிடுங்கள். திரும்பிப் பார்த்து விரலை ஓட்டி அவள் சிரித்தாள் என்றால், வாசித்துவிட்டாள் என்று அர்த்தம். அந்த வாக்கியம் எந்த ஆடியோவிலும் இல்லை, மனப்பாடத்திலும் இல்லை. எழுத்திலிருந்து மட்டும்தான் அந்தச் சிரிப்பு வந்திருக்க முடியும். இதைவிட நம்பகமான வாசிப்புச் சோதனை எனக்குத் தெரியாது. சிரிக்காமல் பழைய வாக்கியத்தையே சொன்னால், இன்னும் சில நாள் விரல் ஓட்டும் வேலை பாக்கி இருக்கிறது, அவ்வளவுதான்.

ஒரு நாளைக்குக் கால் மணி நேரம் போதும். அதற்கு மேல் இழுத்தால் கதை பாடமாகிவிடும்.

உங்கள் வீட்டில் தெலுங்கு என்பதால் இதையும் சொல்ல வேண்டும். தமிழில் 'க' என்ற ஒரே எழுத்து 'கல்' என்னும்போது ஒரு மாதிரியும், 'தங்கம்' என்னும்போது வேறு மாதிரியும், 'பகல்' என்னும்போது இன்னொரு மாதிரியும் ஒலிக்கிறது. 'ப'வை எடுத்துக்கொண்டால் 'பல்' ஒன்று, 'கம்பம்' ஒன்று. தெலுங்கிலும் கன்னடத்திலும் இந்த ஒலிகளுக்குத் தனித்தனி எழுத்துகள் உண்டு. அந்த மொழியைப் பேசி வளரும் குழந்தையின் காதுக்கு இவை வேறு வேறு ஒலிகள். 'க' என்றால் ஒரே ஒலி என்று கரும்பலகையில் கற்றுக்கொண்டு, 'தங்கம்' என்பதை எழுத்துக் கூட்டினால் அது அவளுக்குத் தெரிந்த எந்தச் சொல்லாகவும் கேட்காது. விதி சொல்லிக் கொடுத்து இதைப் புரியவைக்கும் வயது இதுவல்ல. சரியான உச்சரிப்பில் நூறு முறை காதில் விழுந்தால், எந்த இடத்தில் எந்த ஒலி என்பது தானாக அமைந்துவிடும். ல, ள, ழ வேறுபாடும் அப்படித்தான் வரும். அந்த எழுத்தாளர் ஒலிகளைத் தெளிவாகச் சொல்பவராக இருந்தால், உங்கள் வீட்டுக்கு ஒரு தமிழ் ஆசிரியர் தினமும் வந்து போகிறார் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் எல்லாக் கதை ஆடியோவும் இந்த வேலைக்கு ஆகாது. அடுத்து வேறு ஆடியோ தேடும்போது இதில் கவனமாக இருங்கள். குழந்தைகளுக்கான ஒலிப்பதிவில் இரண்டு வகை உண்டு. ஒன்று, புத்தகத்தில் இருப்பதை இருப்பதுபோல் வாசிப்பது. மற்றொன்று, கதை சொல்வது. கதை சொல்பவர் "யானை மெதுவா மெதுவா வந்துச்சாம்... யாரு பார்த்தா தெரியுமா, குட்டீங்களா?" என்று போவார். கேட்க அருமையாக இருக்கும். கேட்டு ரசிக்கவும், கற்பனைக்கும், தூங்கப் போகும் நேரத்துக்கும் அது வேண்டும். ஆனால் புத்தகத்தில் "யானை மெல்ல வந்தது" என்று இருந்தால், பாப்பாவின் விரல் எங்கே நிற்கும்? காதில் விழுவதும் கண்ணில் படுவதும் ஒன்றாக இல்லாவிட்டால் முடிச்சு விழாது. ஆகவே புத்தகத்தோடு வைத்துக் கேட்பதற்கு வாசிப்புப் பதிவு, மற்ற நேரத்துக்குக் கதை சொல்லும் பதிவு என்று பிரித்துக்கொள்ளுங்கள். வாங்கிய புத்தகங்களின் ஆடியோவை முதலில் நீங்களே ஒருமுறை புத்தகத்தைக் கையில் வைத்துக் கேட்டால் பத்து நிமிடத்தில் எது எந்த வகை என்று தெரிந்துவிடும்.

எழுதியவரே வாசிக்கும் பதிவுக்கு ஒரு தனி மதிப்பு உண்டு. எங்கே மூச்சு விட வேண்டும், எந்தச் சொல்லில் குழந்தை காத்திருக்க வேண்டும் என்று அவருக்குத் தெரியும், ஏனென்றால் அந்த இடங்களை மனதில் வைத்துத்தான் எழுதியிருப்பார். அதே சமயம் நன்றாக எழுதுபவர் எல்லாரும் நன்றாக வாசிப்பவர் அல்ல. பெரியவர்கள் கூட்டத்தில் வாசிக்கும் வேகத்தில் ஓடும் பதிவுகளும் இருக்கின்றன. நிமிடத்துக்கு 80 சொல்லுக்கு மேல் போனால் இரண்டாம் வகுப்புப் பிள்ளையின் விரல் பின்தங்கிவிடும். பக்கம் திருப்பும் இடத்தில் ஒரு மணியோசையோ இரண்டு நொடி மௌனமோ இருக்க வேண்டும். பின்னணி இசை முழுக்க ஓடிக்கொண்டே இருந்தால் வேண்டாம் என்பேன். சொல்லின் நடுவிலும் கடைசியிலும் வரும் மெய்யெழுத்துகளை இசை விழுங்கிவிடும். 'பால்', 'பாள்', 'பாழ்' எல்லாம் ஒன்றாகக் கேட்கும். கதை தொடங்கும்போதும் முடியும்போதும் இசை வந்தால் போதாதா?

உங்கள் கணவர் பெங்களூரில் இருப்பதைக் குறையாகச் சொல்லியிருந்தீர்கள். இந்த விஷயத்தில் அவரால் மிகப் பெரிய உதவி செய்ய முடியும். பென்னாகரம், பாலக்கோடு, ஊத்தங்கரை என்று தர்மபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டத்திலும் அப்பாவோ அம்மாவோ வெளியூர் வேலைக்குப் போய், ஆயா, அவ்வா, அஜ்ஜி என்று அழைக்கும் பாட்டியிடம் வளரும் பிள்ளைகள் ஏராளம். பாப்பாவுக்குப் பிடித்த புத்தகத்தின் ஒவ்வொரு பக்கத்தையும் போட்டோ எடுத்து அவருக்கு அனுப்புங்கள். ஒரு பக்கத்துக்கு ஒரு வாய்ஸ் மெசேஜ் என்று அவர் வாசித்து அனுப்பட்டும். முதலில் "பக்கம் மூன்று" என்று சொல்லிவிட்டுத் தொடங்கச் சொல்லுங்கள், அப்போதுதான் வரிசை மாறாது. வேலை முடிந்து ஷெட்டுக்கு வந்த பிறகு சத்தமாக இருந்தால், காலையில் கிளம்புவதற்கு முன் பதியலாம். அவருக்கே வாசிப்பு திக்கித் திக்கித்தான் வரும் என்றால் இன்னும் நல்லது. அப்பா ஒரு சொல்லில் நின்று, கூட்டி, சரியாகச் சொல்வதை அவள் கேட்கட்டும். எழுத்தாளர் குரலில் வராத ஒரு பாடம் அதில் இருக்கிறது. வாசிப்பதற்கு முன் கதையை அவர் தெலுங்கில் ஒருமுறை சொல்லிவிட்டால் பாப்பாவுக்குப் பொருள் முழுக்கப் பிடிபட்டுவிடும். வீட்டு மொழியில் கதையைப் புரிந்துகொண்ட பிள்ளைக்குத் தமிழ் வரிகள் சுலபமாக ஏறுகின்றன. இதை வகுப்பில் எப்போதும் பார்க்கிறேன். சென்னையிலிருந்து 1996 முதல் இயங்கிவரும் தூலிகா பதிப்பகம் ஒரே படக்கதையைத் தமிழ், தெலுங்கு, கன்னடம் உட்படப் பல மொழிகளில் கொண்டுவருகிறது. உங்களைப் போன்ற வீடுகளுக்கு அப்படிப்பட்ட புத்தகம் இரட்டை லாபம்.

நீங்களே பதிவதானால் பெரிய ஏற்பாடு எதுவும் வேண்டாம். துணிமணி, பாய், தலையணை இருக்கும் சின்ன அறை போதும். காலியான சிமெண்ட் அறையில் எதிரொலிக்கும். ஃபேனை நிறுத்திவிடுங்கள். போனை வாய்க்கு நேராகப் பிடிக்காமல் ஒரு சாண் தள்ளிச் சற்றுப் பக்கவாட்டில் வையுங்கள், 'ப' சொல்லும்போது காற்று மோதும் சத்தம் விழாது. பதிவு செய்யும் செயலியில் தரத்தைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால், பேச்சுக்கு மோனோவில் (ஒற்றை ஒலித்தடத்தில்) 64 கேபிபிஎஸ் (நொடிக்கு 64 கிலோபிட்) போதுமானது. நிமிடத்துக்கு அரை எம்பிக்கும் குறைவாகத்தான் இடம் பிடிக்கும். பத்து நிமிடக் கதை ஐந்து எம்பிக்குள் அடங்கிவிடும். அஞ்செட்டி, வத்தல்மலைப் பக்கம் சிக்னல் இல்லாத ஊர்களில் இருக்கும் சொந்தக்காரர்களுக்கு மெமரி கார்டில் போட்டுக் கொடுத்தால் ஆயிற்று. சின்னப் பிள்ளைக்கு இயர்போன் வேண்டாம், ஸ்பீக்கரிலேயே கேட்கட்டும். மிக அருகில் வைத்து, சத்தத்தை முழுக்கக் கூட்டச் சொல்லிக்கொண்டே இருந்தால் மட்டும் அரசு மருத்துவமனையில் காது மூக்கு தொண்டைப் பிரிவில் ஒருமுறை காட்டிவிடுங்கள்.

அடுத்து என்ன வாங்குவது? முதலில் ஒன்றை மனதில் வையுங்கள்: காதால் கேட்கும் புத்தகமும் கண்ணால் வாசிக்கும் புத்தகமும் ஒரே அளவில் இருக்க வேண்டியதில்லை. இந்த வயதில் காது கண்ணைவிட இரண்டு வகுப்பு முன்னால் ஓடும். கேட்பதற்கு நீளமான, சொல்வளம் உள்ள கதைகளைத் தாராளமாகக் கொடுங்கள். அவளே வாசிப்பதற்குத்தான் பொறுக்கி எடுக்க வேண்டும்.

கடையில் புத்தகத்தை எடுத்ததும் கதையைப் படிக்காதீர்கள், வரியின் ஓரத்தைப் பாருங்கள். தமிழ்ப் புத்தகங்களில் இடம் போதாத சொல்லை வரிக் கடைசியில் அப்படியே உடைத்து, எந்தக் குறியும் இல்லாமல் மிச்சத்தை அடுத்த வரியில் போடும் வழக்கம் உண்டு. நமக்குக் கண்ணில் படுவதே இல்லை. 'முயல்குட்' என்று ஒரு வரி முடிந்து 'டி ஓடியது' என்று அடுத்த வரி தொடங்கினால், இரண்டாம் வகுப்புப் பிள்ளை அந்த இடத்தில் அப்படியே நின்றுவிடும். குழந்தைகளைப் பற்றி யோசித்து அச்சடித்த புத்தகத்தில் சொல் உடையாது. இந்த ஒன்றைப் பார்த்தாலே பதிப்பகத்தின் அக்கறை தெரிந்துவிடும். அடுத்தது, எழுத்து படத்தின் மேல் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். கரும்பச்சைக் காட்டின் மேல் கறுப்பு எழுத்து இருந்தால் கீழே வைத்துவிடுங்கள். பிறகு வினைச்சொற்கள். 'பார்த்துக்கொண்டிருந்தது' என்ற ஒரே சொல்லில் 12 எழுத்து இருக்கிறது. 'பார்த்தது' என்று எழுதி அதே கதையைச் சொல்ல முடியும், சொல்லத் தெரிந்தவர்கள் சொல்கிறார்கள். ஒரே வாக்கியம் பக்கத்துக்குப் பக்கம் சின்ன மாற்றத்தோடு திரும்பி வரும் கதை கிடைத்தால் விடாதீர்கள், அது தொடக்க வாசிப்புக்கென்றே எழுதப்பட்டது.

காசு செலவில்லாமல் கிடைப்பதும் நிறைய. பிரதம் புக்ஸ் நிறுவனம் 2015-இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்க் கதைகள் நான்கு படிநிலைகளாகப் பிரித்து வைக்கப்பட்டிருக்கின்றன. முதல் நிலையில் பாப்பாவை விடுங்கள். சில கதைகளில் குரல் வாசிக்க வாசிக்க அந்தந்தச் சொல் நிறம் மாறும், விரல் ஓட்டும் வேலையை அது சொல்லித் தரும். பள்ளிக் கல்வித் துறையின் வாசிப்பு இயக்கப் புத்தகங்கள் 'நுழை, நட, ஓடு, பற' என்று படிப்படியாக வந்திருக்கின்றன. மெல்லிய புத்தகங்கள், நல்ல படங்கள். பள்ளியில் கேட்டால் காட்டுவார்கள். 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தில் ஒன்றிலிருந்து மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்துக் கற்பிக்கிறோம். பாப்பா எந்த நிலையில் இருக்கிறாள் என்று வகுப்பு ஆசிரியரிடம் கேளுங்கள். அது தெரிந்தால் புத்தகம் தேர்ந்தெடுப்பது எளிது. மாவட்ட மைய நூலகம் தர்மபுரியிலும் இருக்கிறது, கிருஷ்ணகிரியிலும் இருக்கிறது. வீட்டு வரியோடு நூலக வரியும் சேர்த்துத்தான் கட்டுகிறோம், அந்தப் புத்தகங்கள் நம்முடையவை, கூச்சப்படாமல் பிள்ளையை அழைத்துப் போங்கள். தேசிய புத்தக நிறுவனத்தின் சிறுவர் வரிசையும் விலை குறைவு. நீங்கள் போன தர்மபுரியின் தகடூர் புத்தகத் திருவிழாவிலோ ஓசூர் புத்தகத் திருவிழாவிலோ பார்த்து வாங்கலாம். பால சாகித்திய புரஸ்கார் பரிசு பெற்றது என்று அட்டையில் போட்டிருந்தால் உடனே வாங்கிவிட வேண்டாம். 2010 முதல் சாகித்திய அகாதெமி தரும் அந்தப் பரிசைத் தமிழில் பெற்றவற்றுள் பல, தானாக வாசிக்கத் தெரிந்த பெரிய பிள்ளைகளுக்கானவை. நான்காம், ஐந்தாம் வகுப்புக்கு வரட்டும்.

நம் பக்கத்து வாழ்க்கை இருக்கும் கதைகளைத் தேடுங்கள் என்றும் சொல்வேன். ராகிக் கொல்லைக்குக் காவல் இருக்கும் பரண், புளி தட்டும் திண்ணை, மாம்பழ லோடு ஏறும் லாரி, ஒகேனக்கல் பரிசல், விடிய விடிய நடக்கும் பாரதக் கூத்து, ஊர் ஓரத்து நடுகல் இதெல்லாம் வரும் கதையில் பாப்பா பாதிச் சொற்களை ஊகித்தே வாசித்துவிடுவாள். அச்சில் கிடைக்காவிட்டால் வீட்டில் செய்யலாம். அவ்வா சொல்லும் ஒரு கதையைத் தெலுங்கிலேயே போனில் பதிந்துகொள்ளுங்கள். அதை நீங்கள் எட்டுப் பத்துச் சின்ன வாக்கியங்களாகத் தமிழில் எழுதி, பாப்பா படம் வரைய, நூல் போட்டுத் தைத்துவிட்டால் ஒரு புத்தகம். அதியமானும் ஔவையும் நெல்லிக்கனியும் நம் தகடூர்க் கதை. புறநானூற்றின் 91-ஆம் பாட்டாக ஔவையே பாடியது. அதைக்கூட இந்த அளவுக்குச் சின்னதாக்கி எழுதலாம். பிறகு அவள் வாசிக்க, நீங்கள் பதியுங்கள். தன் குரலைத் தானே கேட்டு, விழுந்த இடத்தைத் தானே கண்டுபிடித்து, "அழிச்சிட்டு இன்னொரு தடவை எடும்மா" என்பார்கள் பிள்ளைகள். அப்படித் திரும்பத் திரும்ப வாசிக்க வைக்க எந்த ஆசிரியராலும் முடியாது.

கடைசிக் கேள்வி, பதிவை மற்றவர்களுக்கு அனுப்புவது. இதில் சட்டம் தெளிவாகவே இருக்கிறது. 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி, எழுத்தாளரின் வாழ்நாள் முழுவதும், அவர் இறந்த அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டுகளும் உரிமை தொடர்கிறது. சொந்த உபயோகத்துக்கு, உங்கள் மகள் கேட்பதற்கு வாசித்துப் பதிவதில் ஒரு தடையும் இல்லை. தெரு முழுக்க, வாட்ஸ்அப் குழு முழுக்க அனுப்புவதற்கும் யூடியூபில் போடுவதற்கும் அந்த எழுத்தாளரையோ பதிப்பகத்தையோ கேட்க வேண்டும். புத்தகத்தின் இரண்டாம் பக்கத்தில் முகவரி இருக்கும், நாலு வரி எழுதிக் கேளுங்கள். சிறுவர் புத்தகம் எழுதிப் பிழைப்பது தமிழில் எளிதான காரியமல்ல. ஆடியோவை இலவசமாகத் தந்திருப்பவரின் புத்தகத்தையாவது பக்கத்து வீட்டார் காசு கொடுத்து வாங்கினால்தான் அவர் அடுத்ததை எழுத முடியும். க்யூஆர் கோட்டை மட்டும் போட்டோ எடுத்து அனுப்புவதில் எனக்கு உடன்பாடில்லை.

கேட்காமலே பகிரக்கூடியவையும் இருக்கின்றன. ஸ்டோரிவீவர் கதைகள் பொதுவாகத் திறந்த உரிமத்தில் வருபவை, பெயர் குறிப்பிட்டுவிட்டு வாசித்துப் பதிந்து யாருக்கும் தரலாம். பாரதியின் எழுத்துகள் 1949-இல் அரசு வாங்கிப் பிறகு பொதுவுடைமையாக்கப்பட்டவை. கவிமணி 1954-இல் மறைந்தார், அவர் குழந்தைகளுக்கு எழுதிய பாட்டுகளும் 2015 முதல் எல்லாருக்கும் பொது. அங்கிருந்து தொடங்குங்கள். பதிவின் தொடக்கத்தில் புத்தகத்தின் பெயர், எழுதியவர், படம் வரைந்தவர், மொழிபெயர்ப்பு என்றால் மொழிபெயர்த்தவர், வெளியிட்டவர் எல்லாரையும் நிதானமாகச் சொல்லிவிட்டு, "முதல் பக்கம்" என்று ஆரம்பியுங்கள்.